ஜிஎஃப்ஆர்ஜி சுவரும் தண்ணீரும்: கட்டும்போது செய்யக் கூடாதவை

ஜிஎஃப்ஆர்ஜி என்பது கண்ணாடி இழை சேர்த்து வார்த்த ஜிப்சம் பலகை. உரத் தொழிற்சாலைகளில் பாஸ்பாரிக் அமிலம் தயாரித்தபின் மிஞ்சும் பாஸ்போஜிப்சத்திலிருந்து இதைச் செய்கிறார்கள். 1990-ல் ஆஸ்திரேலியாவில் பிறந்த முறை இது. 2013-ல் சென்னை ஐஐடி வளாகத்தில் இதைக் கொண்டு இரண்டு தளம், நான்கு வீடுகள் கொண்ட மாதிரிக் கட்டடத்தை எழுப்பிக் காட்டினார்கள். பலகை அதிகபட்சம் 12 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரம். தடிமன் 124 மிமீ. உள்ளே 25 செமீ-க்கு ஒன்றாக, மேலிருந்து கீழ்வரை வெற்று அறைகள். அவற்றில் கம்பி இறக்கிக் கான்கிரீட் நிரப்புகிறோம். அதாவது, பலகைதான் சென்டரிங். இறுகியபின் பிரிக்காத சென்டரிங்.

பிரிப்பதில்லை என்பதால்தான் வேலை வேகமாக முடிகிறது. உள்ளே கான்கிரீட் எப்படி விழுந்தது, தண்ணீர் எந்த வழியாக வந்தது என்பது கடைசிவரை கண்ணுக்குத் தெரியாமல் போவதும் அதனால்தான்.

‘நீர் எதிர்ப்பு’ என்பதை ‘நீர் புகாது’ என்று எடுத்துக்கொள்வது

பலகையில் நீர் விலக்கும் ரசாயனம் கலந்திருக்கிறது. மழையில் நனைந்து, வெயிலில் காய்ந்தால் ஒன்றும் ஆகாது. ஆனால் ஜிப்சம் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும் பொருள். ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 2 கிராம். ஊறிய ஜிப்சத்தின் வலு வெகுவாகக் குறையும். ஒரே இடத்தில் மாதக்கணக்கில் கசிந்தால், வெற்று அறைகளை மூடியிருக்கும் 15 மிமீ ஜிப்சம் தோல் மெல்ல அரிபடும். நனைவதை இந்தச் சுவர் தாங்கும், ஊறிக்கிடப்பதைத் தாங்காது.

உள்ளே ஊற்றும் கான்கிரீட்டை நம்புவது

வாட்டர்புரூஃபிங் திரவத்தைக் கான்கிரீட்டில் கலந்துவிட்டால் சுவர் முழுக்கப் பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். வீடுகளில் பெரும்பாலும் பலகையின் மூன்று வெற்று அறைகளுக்கு ஒன்றில்தான் கான்கிரீட் இறங்குகிறது. மீதி வெற்றிடம், அல்லது 5 சதவீத சிமென்ட் கலந்த கிரஷர் டஸ்ட் (கல் உடைக்கும்போது வரும் தூள்). எல்லா அறைகளையும் நிரப்பினாலும் அடுத்தடுத்த இரண்டு அறைகளுக்கு நடுவே 20 மிமீ ஜிப்சம் விலா, வெளிப்புறத்திலிருந்து உட்புறம் வரை குறுக்காக ஓடுகிறது. 230 மிமீ கான்கிரீட், 20 மிமீ ஜிப்சம், மறுபடி கான்கிரீட் என்றுதான் சுவரின் வெட்டுமுகம் இருக்கும். கான்கிரீட்டை எவ்வளவு கெட்டியாக்கினாலும் அந்த விலா திறந்த பாதைதான். தண்ணீரை வெளிமுகத்திலேயே நிறுத்த வேண்டும்.

அதனால்தான் நிலவறைச் சுவர், மண் தாங்கும் சுவர், சம்ப், தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றுக்கு இந்தப் பலகை வேண்டாம். மேலே எவ்வளவு பூசினாலும் வேண்டாம். அங்கே ஆர்சிசி-தான், அதாவது கம்பி கட்டிய கான்கிரீட்.

பிளிந்த் பீமின் தலையை அப்படியே விடுவது

அதிகம் பார்க்கும் தவறு இதுதான். பிறகு சரிசெய்ய மிகக் கடினமானதும் இதுதான். பலகையின் அடிவிளிம்பு, அடித்தளத்துக்கு மேல் சுவரைத் தாங்க ஓடும் பிளிந்த் பீம்மேல் உட்காருகிறது. பீம் ஈரத்தை உறிஞ்சினால், ஜிப்சம் அதைத் திரி போல மேலே இழுக்கும். சில மாதங்களில் தரையிலிருந்து ஒரு முழ உயரத்துக்கு ஓதம் ஏறி, பெயிண்ட் பொருக்கு விடும்.

பலகை வருவதற்கு முன்பே பீமின் மேல்முகத்திலும் இரு பக்கங்களிலும் பாலிமர் சேர்ந்த சிமென்ட் பூச்சை இரண்டு கோட் அடிக்க வேண்டும். இரண்டாவது கோட்டை முதலாவதற்குக் குறுக்காக இழுக்க வேண்டும். பீமிலிருந்து மேலே நீட்டிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு கம்பியின் காலையும் சுற்றித் தனியாகப் பூச வேண்டும். பிரஷ் எட்டாமல் விட்டுப்போகும் மோதிர அளவு இடங்கள் அவைதான். பலகையை நிறுத்தியபின் அங்கே கை போகாது.

பிளிந்த் உயரம் சுற்றியுள்ள தரையைவிட 45 செமீ-க்குக் குறையக் கூடாது. தெருவில் சாலையை மேலே மேலே போட்டு உயர்த்தும் ஊராக இருந்தால் அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். வெள்ளம் நிற்கும் பகுதியென்றால், பழைய வெள்ளக்குறிக்கு மேல்வரை ஆர்சிசி-யில் எழுப்பி, அங்கிருந்து பலகையைத் தொடங்குவது நல்லது.

ஒரே மூச்சில் ஊற்றுவது

ஈரக் கான்கிரீட் ஒரு மீட்டர் உயரத்துக்கு நின்றால், அடியில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 2.4 டன் அழுத்தம். மூன்று மீட்டரை ஒரே தடவையில் நிரப்பினால் 7 டன்னுக்கு மேல். அதில் பலகை பிதுங்கலாம். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழலாம். மழைநீர் அதன் வழியே நுழையும். ஒரு மீட்டர் ஊற்றி, ஒரு மணி நேரம் விட்டு அடுத்த மீட்டர் என்று மூன்று தடவையாக நிரப்புங்கள். ஜல்லி அரை இன்ச்சுக்கு மேல் போகக் கூடாது. முக்கால் ஜல்லி கம்பியில் சிக்கி நின்றால் அதற்குக் கீழே வெற்றிடம்தான்.

உள்ளே நிறைந்ததா என்று கண்டுபிடிக்க எளிய கணக்கு இருக்கிறது. அறையின் உள்ளளவு 230 × 94 மிமீ. 3 மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ 65 லிட்டர். பத்து லிட்டர் பக்கெட்டில் ஆறரை. ஐந்து பக்கெட்டிலேயே வாய்வரை வந்துவிட்டால் நடுவில் எங்கோ அடைத்திருக்கிறது. அறைவாரியாகப் பக்கெட் எண்ணிக்கையைப் பலகைமீதே பென்சிலால் எழுதி வையுங்கள். மறுநாள் ரப்பர் சுத்தியால் தட்டினால் நிறைந்த இடம் ‘தொம்’ என்றும், காலியான இடம் ‘டொக்’ என்றும் பேசும்.

இணைப்பில் பட்டியை மட்டும் இழுப்பது

பலகையும் பலகையும் சேரும் செங்குத்துக் கோடு, ஜன்னலின் நான்கு ஓரம், சுவரும் ஸ்லாபும் சேரும் இடம்: மழை நுழைவது பெரும்பாலும் இங்கேதான். பெயிண்டர் பட்டி கெட்டியாகும். வெயிலில் சுவர் அசையும். மயிரிழை விரிசல் விழும். இணைப்பைத் தூசி தட்டி, பாலியூரித்தேன் சீலன்ட் நிரப்புங்கள். அகலமான இடைவெளியில் முதலில் நுரைக்கயிறு வைத்தால் சீலன்ட் இரண்டு ஓரங்களில் மட்டும் ஒட்டும். பின்சுவரிலும் ஒட்டினால் இழுபடும்போது கிழியும். ஜன்னல் அடிக்கட்டைக்கு வெளிப்பக்கம் சரிவும், அதன் அடியில் நீர் சொட்டும் காடியும் கட்டாயம்.

குளியலறையில் சிமென்ட் கலவையை நேரே பூசுவது

இது வெறும் ஒட்டாமல் போகும் பிரச்சினை இல்லை. சிமென்டிலுள்ள அலுமினேட்டும் ஜிப்சத்திலுள்ள சல்ஃபேட்டும் ஈரத்தில் வினைபுரிந்து எட்ரிங்கைட் என்ற படிகத்தை உண்டாக்கும். அது பெருத்து, டைல்ஸைச் சுவரிலிருந்து தள்ளும். எப்போதும் ஈரமாக இருக்கும் குளியலறையில் இதற்கு வசதி அதிகம். பலகைமேல் பிரைமர், அதன்மேல் வளையும் தன்மையுள்ள மெம்பிரேன் (நீர் தடுக்கும் படலம்) இரண்டு கோட், மூலைகளில் கண்ணாடி இழை நாடா, பிறகு பாலிமர் டைல்ஸ் பசை என்பதே வரிசை. ஷவர் பக்கம் 1.8 மீட்டர் உயரம் வரையாவது மெம்பிரேன் ஏற வேண்டும்.

குழாய்க்காகத் தோலில் காடி வெட்டாதீர்கள். 15 மிமீ-யில் வெட்டினால் மிச்சம் ஒன்றும் இருக்காது. குழாயைப் பலகையின் வெற்று அறைக்குள் இறக்கி, வேலை அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கில் சோதித்த பிறகே அந்த அறையை நிரப்புங்கள். குளியலறையின் தாழ்த்திய தளத்துக்கு அந்தப் பகுதியில் மட்டும் வழக்கமான ஆர்சிசி ஸ்லாப் போடுவது பாதுகாப்பு. டைல்ஸுக்கு முன் வடிகாலை அடைத்து, தண்ணீர் கட்டி, மட்டத்தைச் சாக்பீஸால் குறித்து 48 மணி நேரம் விடுங்கள். ஆவியானதற்குச் சில மிமீ போகும். ஒரு விரல் அகலத்துக்கு இறங்கினால் கசிவு.

கசிந்தபின் உட்புறத்தை மட்டும் பூசுவது

மேலே ஜன்னலோரம் நுழைந்த நீர் வெற்று அறை வழியாகக் கீழே வந்து, அடியில் தேங்கி, ஈரக்கறையாகத் தெரியும். கறை இருக்கும் இடம் நுழைந்த இடம் அல்ல. உட்புறத்தில் நீர் புகாத பெயிண்டை அடித்தால் தண்ணீர் சுவருக்குள்ளேயே சிறைப்படும். முதலில் அந்த அறையின் அடியில் 6 மிமீ துளையிட்டு வடிய விடுங்கள். பிறகு அதே அறைக்கு நேர் மேலே வெளிப்புற இணைப்புகளைக் கீழிருந்து மேலாக, ஒன்றொன்றாக ஹோஸால் நனைத்துத் துளையைக் கவனியுங்கள். எந்த இணைப்பை நனைக்கும்போது சொட்டத் தொடங்குகிறதோ, அதை வெளியிலிருந்து அடையுங்கள். கிரஷர் டஸ்ட் நிரம்பிய அறை காய வாரங்கள் ஆகும். சொட்டு நின்று, சுவர் முழுதாக உலர்ந்த பின்தான் பட்டியும் பெயிண்டும்.