சீன பஃபேயில் தட்டை எடுக்கும் முன்

அமெரிக்கக் கல்லூரி நகரத்துக்குப் படிக்க வந்தவர்களுக்குச் சீன பஃபே பெரிய வரம். ஒரே விலை, வயிறு நிறைய. பெரும்பாலும் இரவைவிட மதிய விலை குறைவு. வார நாளில் 12 மணிக்குக் கூட்டத்தோடு போங்கள். தட்டுகள் சீக்கிரம் காலியாகும், புதிதாகச் சமைத்தது வந்துகொண்டே இருக்கும். 3 மணிக்குப் போனால் காய்ந்துபோன நூடுல்ஸ்தான் மிச்சம்.

முதலில் வெறுங்கையோடு ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். சூடான உணவு 57 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது அங்குள்ள உணவுப் பாதுகாப்பு நெறி. ஆவி பறக்காத தட்டை, முக்கியமாக இறைச்சியை, நான் தொடவே மாட்டேன்.

சைவர்கள் கட்டாயம் கேட்டுச் சாப்பிடுங்கள். காய்கறி லோ மெயின் என்ற சீன நூடுல்ஸில்கூடச் சிப்பி சாஸ் இருக்கலாம். ஹாட் அண்ட் சவர் எனும் கார-புளிப்புச் சூப் பெரும்பாலும் இறைச்சிச் சாற்றில் செய்வது. எக் ரோல் என்ற பொரித்த சுருளுக்குள் பன்றி இறைச்சி இருக்கக்கூடும். வெறும் சோறும் வதக்கிய பச்சை பீன்ஸும் போதும் என்றாலும், பீன்ஸில் என்ன சாஸ் என்று கேட்டுவிடுங்கள்.

அப்புறம், நாமே பரிமாறிக்கொண்டாலும் காலித் தட்டுகளை எடுத்துச் செல்லும் பணியாளருக்கு 10 சதவீதமாவது டிப்ஸ் வையுங்கள். அவர்கள் வருமானத்தில் அதற்கும் முக்கியப் பங்கு உண்டு.