பைரைட்டை அளக்கப் போய் உரலை அளந்த கதை

போன வாரம் ராயபுரத்தில் ஒரு கல்லூரி லேபுக்குப் போயிருந்தேன். முதுகலை மாணவர் ஒருவர் பைரைட் படிகத்தை எஃகு உரலில் இடித்துக்கொண்டிருந்தார். பதினைந்து வருடம் முன்னால் நான் செய்த அதே காரியம். "தம்பி, நிறுத்துப்பா!" என்று கத்தியே விட்டேன். பைரைட்டின் காந்தத்தன்மையையும் மின்தடையையும் அளக்கும்போது சத்தமில்லாமல் ஏமாற்றும் தவறுகளைத்தான் இங்கே சொல்கிறேன். ஒயரை மாற்றிச் செருகுவது மாதிரியான தவறுகள் தானாகவே தெரிந்துவிடும், அவற்றை விடுகிறேன்.

எஃகு உரல்

பைரைட், இரும்பும் கந்தகமும் சேர்ந்த குறைக்கடத்தி. அதிலுள்ள இரும்பு அயனியின் வெளிக்கூட்டிலுள்ள ஆறு டி எலக்ட்ரான்களும் ஜோடி சேர்ந்துவிடுவதால் நிலையான காந்தத் திருப்புத்திறன் கிடையாது, அதாவது அந்த அயனி தானே ஒரு குட்டிக் காந்தமாக நடந்துகொள்ளாது. வரும் சிக்னல் துளியூண்டு. உலோக இரும்போ கிராமுக்கு ஏறக்குறைய 218 ஈஎம்யு (காந்தத் திருப்புத்திறனின் அலகு) தரும். உரலிலிருந்து ஒரு மைக்ரோகிராம் ஒட்டினாலே 2×10⁻⁴ ஈஎம்யு. பைரைட்டின் குரல் அதில் அமுங்கிப் போகும்.

எனக்கு அன்று அழகான காந்தத் தயக்கக் கண்ணி (காந்தப்புலத்தை ஏற்றி இறக்கும்போது இரும்பு மாதிரியான காந்தப் பொருள்கள் வரைபடத்தில் காட்டும் வளையம்) கிடைத்தது. புதிய காந்தப் பொருள் கண்டுபிடித்துவிட்டோம் என்று வண்ணாரப்பேட்டை டீக்கடையில் எல்லாருக்கும் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தேன். 10 கெல்வினிலும் 300 கெல்வினிலும் கண்ணி கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருந்ததைப் பார்த்தாவது விழித்திருக்க வேண்டும். இரும்பின் கியூரி வெப்பநிலை, அதாவது அது தன் காந்தத்தன்மையை இழக்கும் வெப்பநிலை, 1043 கெல்வின். அதற்கு 300 எம்மாத்திரம்? நாலு மாத வேலையும் வெளியே கட்டிய அளவீட்டுக் கட்டணமும் போச்சு. இப்போது நினைத்தாலும் எரிச்சல்தான். பொடியில் என்னென்ன கலந்திருக்கிறது என்று பார்க்கும் எக்ஸ்ரே சோதனையில் எதுவும் தெரியவில்லையே என்பார்கள். ஒரு சதவீதத்துக்குக் கீழே இருப்பதை அது பெரும்பாலும் காட்டாது.

அகேட் கல்லில் செய்த உரல், பிளாஸ்டிக் இடுக்கி, இவற்றையே பயன்படுத்துங்கள். இடித்த பிறகு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கழுவுங்கள். இரும்பு கரையும், பைரைட் கரையாது. பல காந்தப்புலங்களில் அளந்து இரும்பின் பங்கைக் கழிக்க ஹோண்டா-ஓவன் முறை இருக்கிறது. சரி, ஆனால் உரலை மாற்றுவது அதைவிடச் சுலபம்.

காந்த அளவீட்டில் 30 கெல்வினை ஒட்டி ஒரு தாவல் தெரிந்தால் உரலைத் திட்டாதீர்கள். அது பைரோடைட்டாக (கந்தகம் குறைந்த இன்னொரு இரும்பு சல்பைடு) இருக்கலாம். வெற்றிடத்தில் அதிகம் சூடாக்கிக் கந்தகத்தை விரட்டினீர்களா என்று பாருங்கள்.

இரண்டு முனை அளவீடு

மின்தடையை இரண்டு முனைகளால் அளந்தால் ஒயர் தொடும் இடத்தின் தடையும் சேர்ந்து வரும். மின்னோட்டத்துக்கு இரண்டு, மின்னழுத்தத்துக்கு இரண்டு என நான்கு முனை. வேறு பேச்சே இல்லை.

வெப்ப மின்னழுத்தம்

இணைப்புகளுக்கு இடையே வெப்பநிலை வேறுபட்டால் தானாகவே ஒரு சின்ன மின்னழுத்தம் உண்டாகி அளவீட்டில் கலக்கும். மின்னோட்டத்தின் திசையை மாற்றி மாற்றி மின்தடையை அளந்து சராசரி எடுங்கள்.

ஈரம்

இது கடலோரம். ஈரக்காற்றில் பைரைட் பொடியைத் திறந்து வைத்தால் மேலே இரும்பு சல்பேட் படியும். அப்புறம் குளிர்நிலையில் காந்த ஏற்புத்திறன் (காந்தப்புலத்துக்குப் பொருள் எவ்வளவு மசிகிறது என்ற அளவு) சரசரவென்று ஏறும். ஈரத்தை உறிஞ்சும் பொருள் போட்ட மூடிய பாத்திரமான டெசிகேட்டரில் வையுங்கள்.

ராயபுரத்துத் தம்பி ஜன்னலோரத்தில் வைத்திருந்தார்.