குளிர்ந்த நீரில் மூச்சடக்கி முக்குளிக்க: எதை முதலில் வாங்குவது, எதைக் கடைசியில் வாங்குவது

தூத்துக்குடியில் வளர்ந்தவனுக்குக் கடல் என்றால் வெதுவெதுப்பானது. சின்ன வயதில் நான் பார்த்த சங்குகுளிக்காரர்களுக்கு ஓர் அரைக்கால் சட்டையும் முகத்தில் ஒரு கண்ணாடியும் போதுமானதாக இருந்தன. அந்த நினைப்பிலேயே டொராண்டோவிலிருந்து ஏறத்தாழ 300 கிலோமீட்டர் வண்டி ஓட்டிக்கொண்டு டோபர்மோரிக்குப் போனேன். ஹியூரான் ஏரியின் ஜார்ஜியன் விரிகுடா தொடங்கும் முனையில் இருக்கும் சிற்றூர் அது. 1885இல் மூழ்கிய ஸ்வீப்ஸ்டேக்ஸ் என்ற பாய்மரக் கப்பல் அங்கே துறைமுகத்துக்குள்ளேயே ஆறு மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. தண்ணீர் அவ்வளவு தெளிவு. மேலே மிதந்தபடியே கப்பலின் பலகைகளைப் பார்க்கலாம். நான் பார்த்தது பத்து நிமிடம்தான். இரவல் வாங்கிய 3 மில்லிமீட்டர் அலைச்சறுக்கு உடையோடு இறங்கி, பல் கிடுகிடுக்க ஏறிவிட்டேன்.

அதன்பிறகு கருவிகள் வாங்கினேன், அதையும் தவறான வரிசையில். கடையில் கண்ணைப் பறிக்கும், காலில் மாட்டும் நீளத் துடுப்பை முதலில் வாங்கினேன். குளிர்ந்த நீரில் ஒவ்வொரு கருவியும் இன்னொன்றின் அளவை மாற்றிவிடும் என்று அப்போது எனக்குத் தெரியாது. காலுறையின் தடிமன் துடுப்பின் அளவை மாற்றும். தலைமூடியோ, முகத்தில் மாட்டும் மாஸ்க் பொருந்துவதை மாற்றும். உடை மொத்தமும் சேர்ந்து, அதன் மிதப்பை ஈடுகட்ட ஈயக் கட்டிகளோடு இடுப்பில் கட்டும் எடைப் பட்டையின் கணக்கை மாற்றும். ஆகவே உடை முதலில், ஈயம் கடைசியில். கீழே உள்ள படிகளும் அந்த வரிசையில்தான் இருக்கின்றன.

படி 0: வாங்கும் முன் ஒரு வகுப்பு

ஐடா, எஸ்எஸ்ஐ, பாடி, மொல்ச்சனோவ்ஸ் ஆகிய அமைப்புகளில் எதன் தொடக்கநிலைப் பயிற்சியானாலும் சரி, முதலில் அதை முடியுங்கள். உயிர்காக்கும் பயிற்சி முதல் காரணம். இரண்டாவது காரணம் சிக்கனம். பல பயிற்சி நிலையங்கள் உடையை வாடகைக்குத் தரும். 5 மி.மீ. ஒரு நாள், 7 மி.மீ. ஒரு நாள் போட்டுப் பார்த்தால் உங்கள் உடம்புக்கு எது ஒத்துவரும் என்பது தெரிந்துவிடும். குளிரைத் தாங்குவதில் ஆளுக்கு ஆள் பெரிய வித்தியாசம் உண்டு. கூடவரும் நண்பர் 5 மி.மீ. உடையில் சிரித்துக்கொண்டு நிற்பார்; நான் 7 மி.மீ. உடையிலும் முணுமுணுப்பேன்.

படி 1: உடை

கைவசம் இருக்கும் பணத்தில் பாதிக்கு மேல் இதற்கே போகட்டும். காற்றைவிடத் தண்ணீர் உடம்பின் சூட்டை ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக இழுத்துக்கொள்ளும். உடல் நடுங்கத் தொடங்கினால் தசைகள் ஆக்சிஜனைத் தின்னும். மூச்சடக்கும் நேரம் குறையும். உங்கள் மூச்சு நீள வேண்டுமானால் முதலில் நடுக்கம் நிற்க வேண்டும்.

மூச்சடக்கி முக்குளிப்பவர்கள் அணியும் வெட்சூட், காற்றுக்கலனோடு முக்குளிக்கும் ஸ்கூபா உடையிலிருந்து வேறுபட்டது. இது இரண்டு துண்டாக வரும்: இடுப்புக்கு மேல் ஏறும் கால்சட்டை, தலைமூடி சேர்ந்தே தைத்த மேல்சட்டை. ஜிப் கிடையாது. ஜிப் இருந்தால் அதன் வழியே தண்ணீர் ஊறும். உள்பக்கம் துணி ஒட்டாத வெறும் நியோப்ரீன், அதாவது வாயுக்குமிழ்கள் நிறைந்த ரப்பர் நுரை. இதை ஓபன் செல் என்பார்கள். தோலோடு அட்டைபோல் ஒட்டிக்கொள்ளும் என்பதால் உடைக்கும் உடம்புக்கும் நடுவே தண்ணீர் ஓட இடமே இருக்காது. வெளிப்பக்கத்துக்கு நைலான் துணி ஒட்டியதை வாங்குங்கள். வழவழப்பான வெளிப்பக்கம் நீரில் நன்றாக வழுக்கும், காற்றில் சீக்கிரம் உலரும். ஆனால் பாறையில் ஒரு தடவை உட்கார்ந்தால் கிழிந்துவிடும். தொடக்கக்காரர்கள் பாறையில்தான் அதிகம் உட்காருகிறார்கள்.

தடிமன் பற்றி என் கணக்கு இது: 15 முதல் 20 டிகிரி வரை 5 மி.மீ.; அதற்குக் கீழே 7 மி.மீ. ஏரியில் மேற்பரப்பு வெப்பநிலையை நம்பி முடிவெடுக்காதீர்கள். ஆகஸ்ட்டில் மேலே 18 டிகிரி இருக்கும் இடத்தில், கீழே போகப் போக ஓர் அடுக்கில் குளிர் சட்டென்று முகத்தில் அறையும். அதற்குக் கீழே ஒற்றை இலக்கம்தான். நன்னீர் 4 டிகிரியில்தான் மிக அடர்த்தியாக இருக்கும், எனவே ஆழமான ஏரிகளின் அடியில் கோடையிலும் அந்தக் குளிர்நீர் தங்கிவிடுகிறது. போதாக்குறைக்கு, 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரு மடங்காவதால் நியோப்ரீனுக்குள் இருக்கும் வாயுக்குமிழ்கள் பாதியளவுக்குச் சுருங்கும். குளிர் கூடும் இடத்தில் உங்கள் போர்வை மெலிகிறது.

பொருத்தம் பார்க்கும்போது நான்கு இடங்களைத் தடவிப் பாருங்கள்: அக்குள், முதுகின் கீழ்ப்பள்ளம், கவட்டை, கழுத்து. மடிப்போ இடைவெளியோ இருந்தால் அங்கே தண்ணீர் தேங்கி, ஒவ்வொரு அசைவிலும் பம்பு அடிப்பதுபோல் உள்ளே வெளியே போய்வரும். 5 மி.மீ. பொருந்திய உடை, 7 மி.மீ. தொளதொளப்பை வென்றுவிடும். அதே நேரம் வயிறு நிறைய மூச்சிழுக்க முடிகிறதா என்றும் பாருங்கள். மூச்சிழுக்கத் தடையாக இருக்கும் உடையால் நமக்கு என்ன பயன்? பழைய உடை வாங்குவதானால் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். பஞ்சுபோல் அமுங்கி மீண்டால் உயிர் இருக்கிறது. அட்டைப்பெட்டிபோல் விறைத்திருந்தால் பேரம் பேசவே வேண்டாம்.

இந்த உடையை அணிவது தனிக் கலை. ஓபன் செல் உலர்ந்த தோலில் ஏறவே ஏறாது. ஒரு பங்கு தலைமுடிக் கண்டிஷனர், பத்துப் பங்கு வெதுவெதுப்பான தண்ணீர் என்று ஒரு பாட்டிலில் கலக்கி, உடைக்குள் ஊற்றி, எல்லாப் பக்கமும் குலுக்கிப் பரப்புங்கள். பிறகு உள்ளங்கையாலும் விரல் நுனிச் சதையாலும் தள்ளித் தள்ளி ஏற்றுங்கள். நகம் படக்கூடாது. என் முதல் உடையில், இடுப்புப் பக்கம் அவசரமாக இழுத்தபோது கட்டைவிரல் நகம் ஈர அப்பளத்தில் இறங்குவதுபோல் இறங்கியது. சத்தம்கூட வரவில்லை. நியோப்ரீன் பசை கொண்டு ஒட்டினேன். அந்தத் தழும்பு இன்றும் இருக்கிறது. நகம் வெட்டியை உடைப் பையிலேயே போட்டு வைத்திருக்கிறேன்.

தலைமூடியில் ஒரு சங்கதி. அது காதை இறுக்கமாக அடைத்துக்கொண்டால் காதுக்குழாயில் காற்று சிக்கி, கீழே போகும்போது செவிப்பறையை வெளியே இழுக்கும். முதல் முக்குளிப்புக்கு முன் மூடியின் ஓரத்தை விரலால் தூக்கிக் கொஞ்சம் தண்ணீர் உள்ளே விடுங்கள், இரு காதுக்கும். ஒரு காதில் மட்டும் திடீரெனக் குளிர்நீர் புகுந்தால் தலை சுற்றும். எது மேல், எது கீழ் என்று சில நொடிகளுக்குப் புரியாது. கரையிலேயே பிளாஸ்க்கிலிருந்து இளஞ்சூடான நீரை மூடிக்குள் ஊற்றிக்கொள்வது என் வழக்கம்.

படி 2: காலுறை, கையுறை, அதன்பின் துடுப்பு

கோடைக்கு 3 மி.மீ., மற்ற நாட்களுக்கு 5 மி.மீ. இரண்டு வகையையும் வாங்கக் காசில்லை என்றால் காலுறையை மட்டும் 5 மி.மீ. ஆக வாங்குங்கள். கையுறை மிகத் தடிமனானால், காதின் அழுத்தத்தைச் சமன்செய்ய மூக்கைப் பிடிக்கவோ பட்டையைக் கழற்றவோ முடியாது.

துடுப்பு வாங்கக் கடைக்குப் போகும்போது அந்தக் காலுறையை எடுத்துப் போங்கள். வெறுங்காலில் அளந்து வாங்கினால் நான் செய்த தவறையே செய்வீர்கள்: தண்ணீரில் இருபதாவது நிமிடம் பாதத்தில் தசைப்பிடிப்பு வரும், ரத்த ஓட்டம் தடைப்பட்டு விரல்கள் மரத்துப்போகும். வழக்கமான அளவைவிட ஒன்றோ இரண்டோ கூடுதலாக வேண்டியிருக்கும். குதிகாலையும் மூடும் வகை, நீளமான மென்மையான பிளாஸ்டிக் தகடு, இவை போதும். கார்பன் தகடு அழகுதான். ஆனால் கால் உதைக்கும் முறை படியும் வரை அதன் பலன் உங்களுக்குக் கிடைக்காது. கல்லில் மோதி உடைந்தால் மனமும் உடையும்.

படி 3: மாஸ்க்கும் ஸ்நார்கெலும்

மாஸ்க்கின் உள்ளே இருக்கும் இடம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. ஆழம் போகப் போக மாஸ்க் முகத்தில் அழுந்தும். மூக்கு வழியாகக் கொஞ்சம் காற்று விட்டுத்தான் அதைச் சமன்செய்ய வேண்டும். அந்தக் காற்று உங்கள் ஒரே மூச்சிலிருந்து போகிறது. மூக்கை மூடாத நீச்சல் கண்ணாடி இதனால்தான் உதவாது.

தலைமூடியை அணிந்துகொண்டு, வாரைப் பின்னால் போடாமல், மாஸ்க்கை முகத்தில் வைத்து மூக்கால் மெல்ல இழுங்கள். கையை எடுத்தாலும் விழாமல் நின்றால் பொருந்துகிறது. மாஸ்க்கின் சிலிகோன் விளிம்பு முழுவதும் தோலின்மேல் உட்கார வேண்டும். மூடியின் விளிம்பு அதற்கடியில் சிக்கினால் ஒழுகும். கையுறையோடு மூக்கைப் பிடித்துப் பாருங்கள். மீசைக்காரர்களுக்கு ஒரு கசப்பான செய்தி: மூக்கின் கீழே ஒரு மெல்லிய கோடு மழித்தால்தான் ஒழுகல் நிற்கும். நான் ஒரு மாதம் சிலிகோன் கிரீஸைத் தடவிச் சமாளித்துப் பார்த்தேன். கடைசியில் மீசைதான் விட்டுக்கொடுத்தது.

புது மாஸ்க்கின் கண்ணாடியில் தொழிற்சாலைப் படலம் இருக்கும். பற்பசை தடவி விரலால் நன்றாகத் தேய்த்துக் கழுவினால் புகைபடிவது குறையும். மேலே மிதக்கும்போது மூச்சுவிட உதவும் ஸ்நார்கெல் சாதாரண வளைவுக் குழாயாக, வால்வு எதுவும் இல்லாததாக இருக்கட்டும். கீழே இறங்கும்முன் அதை வாயிலிருந்து எடுத்துவிட வேண்டும்.

படி 4: எடைப் பட்டை

உயிரோடு நேராக விளையாடும் கருவி இது. ரப்பர் பட்டை வாங்குங்கள். ஆழத்தில் உடையும் வயிறும் சுருங்கும்போது ரப்பர் கூடவே சுருங்கி இடுப்பெலும்பைப் பிடித்துக்கொள்ளும். நைலான் பட்டை தலைகீழாக இறங்கும்போது மார்புக்கு வழுக்கிவரும். கொக்கி ஒரே கையால், ஒரே இழுப்பில் கழல வேண்டும். கையுறையோடு, கண்ணை மூடி, வலக்கை இடக்கை இரண்டாலும் வீட்டுக் கூடத்திலேயே பழகுங்கள். ஈயம் தரையில் விழாமல் ஒரு தலையணை போட்டுக்கொள்வது நல்லது. கீழ்வீட்டுக்காரர் என்னிடம் இன்னும் சரியாகப் பேசுவதில்லை.

எவ்வளவு ஈயம்? முழு மூச்சோடு இறங்கினால் 10 மீட்டரில் மேலும் போகாமல் கீழும் போகாமல் நிற்க வேண்டும். மேற்பரப்பில் மூச்சை முழுதும் வெளியே விட்ட பிறகும் தலை மூழ்கக் கூடாது. 10 மீட்டரில் தானாகக் கீழே போனாலோ, மேற்பரப்பில் தலை மூழ்கினாலோ ஈயத்தைக் குறையுங்கள். தடித்த உடையில் முதல் நான்கைந்து மீட்டர் இறங்குவது மல்யுத்தம்போல் இருக்கும். இன்னும் ஒரு கிலோ சேர்த்தால் என்ன என்று மனம் சொல்லும். சேர்க்காதீர்கள். அந்தக் கிலோவைத் திரும்பி வரும்போது, மூச்சு தீரும் நேரத்தில் நீங்கள்தான் சுமக்க வேண்டும்.

கடலுக்குப் பழகியவர்கள் ஏரிக்கு வரும்போது எடையைக் குறைக்க வேண்டும். நன்னீரின் அடர்த்தி கடல்நீரைவிடச் சுமார் 2.5 சதவீதம் குறைவு. கருவிகளோடு 85 கிலோ இருக்கும் ஒருவருக்கு அது இரண்டு கிலோவுக்கும் சற்று அதிகம். ஹாலிஃபாக்ஸ் பக்கம் அட்லான்டிக்கில் எனக்கு 11 கிலோ, டோபர்மோரியில் 9.

படி 5: மிதவை, கயிறு, ஆள்

சிவப்பு மேல் மூலைக்கு மூலை வெள்ளைக் கோடு போட்ட கொடியுள்ள மிதவை, அடியில் எடை கட்டிய கயிறு. இவற்றைத் துணையோடு பங்குபோட்டு வாங்கலாம். துணையை மட்டும் வாங்க முடியாது. ஒருவர் கீழே, ஒருவர் மேலே. இதற்கு விலக்கே கிடையாது. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவர்கள் படகில் கயிற்றை மைத்துனன் கையில் கொடுப்பார்கள் என்று ஊரில் சொல்வார்கள். தங்கை விதவையாகக் கூடாதே என்ற கவலை அவனுக்கு இருக்குமாம். மைத்துனன் இல்லாதவர்கள் வகுப்பில் கூடப் படித்தவரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

படி 6: முதல் நாள் நீரில்

ஆழமில்லாத, படி இறங்கும் வசதியுள்ள துறையைத் தேர்ந்தெடுங்கள். கையுறைக்குள் இளஞ்சூடான நீர் ஊற்றி இறங்குங்கள். குளிர் முகத்தில் பட்டதும் மூச்சு தானாக வாரியடிக்கும். அது அடங்கும் வரை சில நிமிடங்கள் மிதவையைப் பிடித்தபடி சும்மா கிடக்க வேண்டும். அதன்பிறகே எடைச் சோதனை. முதல் நடுக்கம் வந்தால் அன்றைய வேலை முடிந்தது. கரையில் காற்று தடுக்கும் நீளக் கோட்டு ஒன்று தயாராக இருக்கட்டும். குளிர்நீர் சிறுநீரையும் பெருக்கும், எனவே குடிக்கத் தண்ணீரும் வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் உடையை நன்னீரில் அலசி, உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பி, அகலத் தோள் கொண்ட மாட்டியில் நிழலில் தொங்கவிடுங்கள். அன்றைய கணக்கை ஒரு நோட்டில் எழுதுங்கள்: இடம், வெப்பநிலை, உடை, கையுறை, எத்தனை கிலோ ஈயம். என் நோட்டில் டோபர்மோரிக்கு நேராக 9 என்று இருந்தது. டிசம்பரில் ஊருக்குப் போய் ஆறு வாரம் அம்மா கையால் சாப்பிட்டுத் திரும்பினேன். கொழுப்பு மிதக்கும் அல்லவா? ஜூனில் அந்த 9ஐ அடித்துவிட்டு 9.5 என்று எழுத வேண்டியதாயிற்று.