எக்கோ ரிப்போர்ட்டும் ஓட்டக்காரர் இதயமும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறையில் இருக்கும் என் அக்கா மகன் 1500 மீட்டர் ஓடுகிறவன். ஆறு வருடமாகத் தினமும் விடியுமுன்னே வாய்க்கால் கரையில் பயிற்சி. எங்கள் மாவட்டத்து முண்டூர் சித்ரா 2017-இல் புவனேஸ்வரத்தில் 1500 மீட்டரில் ஆசியத் தங்கம் வென்றதிலிருந்து பிடித்த ஆசை அது. போன வருடம் எக்கோ (ஒலி அலையால் இதயத்தைப் படம் பிடிக்கும் சோதனை) எடுத்தபோது, உடலுக்கு ரத்தத்தைத் தள்ளும் இடது கீழறை கொஞ்சம் விரிந்திருப்பதாக ரிப்போர்ட் வந்தது. நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 46, வழக்கத்தைவிடக் குறைவு. அக்கா அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

மருத்துவர் மலையாளத்தில் கேட்டதற்கெல்லாம் கூச்சத்தில் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறான். ஓடுகிறாயா என்று அவரும் கேட்கவில்லை, இவனும் சொல்லவில்லை.

இந்தத் தவறைச் செய்யாதீர்கள். என்ன விளையாட்டு, எத்தனை வருடம், வாரத்துக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதை, தமிழோ மலையாளமோ, வருகிற மொழியில் சொல்லிவிடுங்கள். நோய் இல்லாமல், பயிற்சியாலேயே இதயம் இப்படி மாறலாம். ஓய்வில் இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தம் அனுப்புகிறது. கடும் ஓட்டத்தில் தேர்ந்த வீரருக்கு அது 30 லிட்டரையும் தாண்டும். வருடக்கணக்கில் இவ்வளவு ரத்தத்தை வாங்கித் தள்ளும் அறை அகலமாகிறது, சுவரும் சற்றே தடிக்கிறது. ஒரு துடிப்பிலேயே நிறைய ரத்தம் போய்விடுவதால் ஓய்வில் மெதுவாகத் துடித்தால் போதும். ஸ்வீடன் மருத்துவர் ஹென்ஷன் 1899-லேயே பனிச்சறுக்கு வீரர்களின் மார்பைத் தட்டிப் பார்த்து இதயம் பெரிதாகியிருப்பதைச் சொன்னார். பளு தூக்குகிறவர்களுக்கு அறை அவ்வளவாக விரியாது, சுவர்தான் கொஞ்சம் தடிக்கலாம்.

இதைவிட ஆபத்தான தவறு, ‘ஓடுற பையன், அப்படித்தான் இருக்கும்’ என்று விட்டுவிடுவது. 1991-இல் வெளியான இத்தாலிய ஆய்வில் 947 முன்னணி வீரர்களில் 16 பேருக்குத்தான் சுவர் 13 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தது. அவர்களில் 15 பேர் படகு வலிப்பவர்கள், எல்லோருக்கும் அறையும் விரிந்திருந்தது. சுவர் மட்டும் தடித்து அறை சிறியதாக இருந்தால் இதயத் தசை தானாகவே தடித்துப்போகும் நோயைச் சந்தேகிக்க வேண்டும். 2003-இல் மைதானத்திலேயே விழுந்து இறந்த கேமரூன் கால்பந்து வீரர் மார்க் விவியன் ஃபோவுக்கு இருந்தது அந்த நோய்தான். ஓடும்போதே மயங்கி விழுந்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென இறந்திருந்தாலோ கட்டாயம் இதய மருத்துவரிடம் போங்கள்.

சந்தேகம் தீராவிட்டால் சில மாதம் பயிற்சியை நிறுத்தி மறுபடி எக்கோ எடுக்கச் சொல்வார்கள். பயிற்சியால் தடித்த சுவர் மூன்று மாத அளவில் மெலியத் தொடங்கும், நோயால் தடித்தது அப்படிக் குறையாது. மாவட்டப் போட்டி வருகிறது என்று ரகசியமாக ஓடினால் அந்தச் சோதனையே வீண். கோச்சுகளும் இதில் கண்டிப்பாக இருக்க வேண்டும்.

அப்புறம், காய்ச்சலோடு ஓடாதீர்கள். வைரஸ் இதயத் தசையைத் தாக்கியிருந்தால் அந்த நேரத்துக் கடும் பயிற்சி உயிரையே எடுத்துவிடலாம்.

அக்கா மகனுக்கு இரண்டாவது மருத்துவர் ஈசிஜி எடுத்தார், டிரெட்மில்லில் ஓடவிட்டார், குடும்பத்தில் யாருக்கு என்ன நோய் என்று அரை மணி நேரம் கேட்டார். பிறகுதான் ஓடலாம் என்றார். ஆறு மாதம் கழித்து மறுபடி எக்கோ எடுக்க வரச் சொல்லியிருக்கிறார்.