காரோடு கடலுக்கடியில்: லண்டனிலிருந்து பாரிஸுக்கு முதல் தடவை போகிறவர்களுக்கு

ஊரிலிருந்து வந்திருந்த மாமா காரில் ஏறும்போதே கேட்டார், "ஜன்னல் வழியா மீன் தெரியுமாடா?" தெரியாது மாமா. இங்கிலாந்தையும் பிரான்ஸையும் கடலுக்கடியில் இணைக்கும் சுரங்கத்துக்குள் கார் ஓட்டவும் முடியாது. உள்ளே சாலையே இல்லை, தண்டவாளம்தான். காரை ரயிலில் ஏற்றிவிட்டு நாமும் காரோடு இருக்க, ரயில் 35 நிமிடத்தில் பிரான்ஸில் இறக்கிவிடும். கடல் அடித்தரைக்கும் கீழே சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து 1994-ல் திறந்த பாதை இது. மொத்தம் 50 கிலோமீட்டர், அதில் சுமார் 38 கடலுக்கடியில்.

சுரங்கம் சுலபம். அதற்கு முன்னும் பின்னும்தான் வேலை.

1. டிக்கெட்

யூரோஸ்டார் என்பது ஆள் மட்டும் போகும் ரயில். கார் ஏற்றுவது லெ ஷட்டில். கட்டணம் காருக்குத்தான், தலைக்கு இல்லை. ஐந்து பேராகப் போனால் கட்டுப்படியாகும். பதிவு செய்யும்போது காரின் எண்ணையும் உயரத்தையும் கேட்பார்கள். கூரையில் பெட்டி கட்டினால் உயரம் 1.85 மீட்டரைத் தாண்டிவிடலாம். அப்படியென்றால் ரயிலில் வேறு வகைப் பெட்டியில் ஏற்றுவார்கள், அதை முன்பே சொல்லிவிடுங்கள். எல்.பி.ஜி.யில் ஓடும் காரை ஏற்ற மாட்டார்கள்.

2. காகிதங்கள்

நம்மவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. பிரிட்டனில் வேலை விசாவோ நிரந்தர வதிவுரிமையோ இருந்தாலும், கையில் இந்திய அல்லது இலங்கை பாஸ்போர்ட் என்றால், பிரான்ஸ் உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்கான ஷெங்கன் விசா வேண்டும். நேர்முகத்துக்கு நாள் கிடைப்பதே பாடு. அதனால் முதலில் விசா, பிறகு டிக்கெட். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் என்றால் அது வழங்கப்பட்டுப் பத்து ஆண்டுக்குள் இருக்க வேண்டும், திரும்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும்.

பிரிட்டிஷ் ஓட்டுநர் உரிமம், காரின் வி5சி பதிவுப் புத்தகம், காப்பீட்டுச் சான்று ஆகியவை கையில் இருக்கட்டும். காப்பீடு ஐரோப்பாவில் எந்த அளவுக்குச் செல்லும் என்று ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். இங்கே முழுக் காப்பீடு, அங்கே எதிராளிக்கு மட்டும் என்று சில பாலிசிகளில் இருக்கும்.

3. காரில் வைக்க வேண்டியவை

காரின் பின்னால் 'யூகே' ஸ்டிக்கர். பழைய 'ஜிபி' 2021 செப்டம்பரோடு செல்லாமல் போனது. எச்சரிக்கை முக்கோணம். ஒளிரும் மேலங்கி, அதை டிக்கியில் போடாமல் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். முன்விளக்கில் ஒட்டி வெளிச்சத்தைத் திருப்பும் ஸ்டிக்கரும் வேண்டும், இல்லையென்றால் நம் வெளிச்சம் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும்.

கட்டுச்சோறு? புளியோதரை தாராளமாக. தயிர்சாதம் கூடாது. பிரிட்டனிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பால், இறைச்சிப் பொருள் எதையும் கொண்டுபோகத் தடை, குழந்தைகளுக்கான பால்மா போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு. பால்கோவாவும் இந்தக் கணக்கில்தான் வரும்.

4. ஃபோக்ஸ்டனில்

எம்20 நெடுஞ்சாலையில் 11ஏ சந்திப்பில் இறங்கினால், இங்கிலாந்துப் பக்கத்தில் காரை ரயிலேற்றும் நிலையத்துக்கு நேராகப் போய்விடலாம். ஒரு மணி நேரத்துக்கு மேலேயே கையில் வைத்துக்கொண்டு போங்கள். கேமரா உங்கள் எண் பலகையைப் படித்துவிடும். கண்ணாடியில் தொங்கவிட ஓர் எழுத்து அட்டை தருவார்கள். அந்த எழுத்து அறிவிப்புப் பலகையில் வந்ததும் கிளம்ப வேண்டும். கழிவறைக்கு அதற்குள் போய்வந்துவிடுங்கள்.

பிரெஞ்சுக் குடிவரவுச் சோதனையும் இங்கிலாந்து மண்ணிலேயே முடிந்துவிடுகிறது. அதனால்தான் அந்தப் பக்கம் இறங்கியதும் நிற்காமல் ஓட்டலாம்.

ரயிலுக்குப் பக்கவாட்டில் ஏறி, பெட்டிக்குள் பெட்டியாக நேரே ஓட்டிப் போக வேண்டும். ஊழியர் காட்டும் இடத்தில் நிறுத்தி ஹேண்ட்பிரேக்கைப் போடுங்கள், கியரில் விடுங்கள், எஞ்சினை அணையுங்கள், ஜன்னலைப் பாதி இறக்குங்கள். காதடைக்கிறதே என்று எண்ணும்போது பாதி தூரம் போயிருக்கும். மாமா அதற்குள் தூங்கியிருந்தார்.

5. வலப்பக்கம்

இறங்கும்போது கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே ஓடியிருக்கும். பலகைகளும் முன்னே போகும் கார்களும் உங்களை இழுத்துக்கொண்டு போவதால் முதல் பத்து நிமிடம் பயமில்லை. மனசும் விழிப்பாக இருக்கும். ஆபத்து மறுநாள் காலையில். ரொட்டி வாங்கப் போய், ஆளில்லாத தெருவில் பழக்கதோஷத்தில் இடப்பக்கம் ஏறினேன். மனைவி கத்தியதால் தப்பித்தேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டு விதி இது: எங்கே நிறுத்திக் கிளம்பினாலும் பக்கத்தில் இருப்பவர் "வலது" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பிரிட்டிஷ் காரில் ஓட்டுபவர் சாலையோரமாக இருந்தால் சரியான பக்கத்தில் போகிறோம் என்று அர்த்தம்.

ரவுண்டானாவில் வலப்புறம் திரும்பி நுழைந்து, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றுங்கள். உள்ளே சுற்றுபவர் இடமிருந்து வருவார், அவருக்கு வழிவிடுங்கள். ஊருக்குள் பலகையோ கோடோ இல்லாத சந்திப்பில் கதை தலைகீழ். சந்திலிருந்து வந்தாலும் வலப்பக்கத்துக்காரருக்குத்தான் முன்னுரிமை.

வேகம் கிலோமீட்டரில். நெடுஞ்சாலையில் 130, மழையென்றால் 110. ஊரின் பெயர்ப்பலகையைக் கடந்தாலே 50, வேறு எண் எழுதத் தேவையில்லை. பெயரின் மேல் சிவப்புக் கோடு கிழித்த பலகை வந்தால் ஊர் முடிந்தது. பாரிஸ் தெருக்களில் பெரும்பாலும் 30தான்.

ரயிலிலிருந்து இறங்கிய இடத்திலிருந்து பாரிஸ் கிட்டத்தட்ட 290 கிலோமீட்டர். ஏ26, ஏ1 வழியாகப் போனால் டோல் உண்டு. சாவடிப் பெட்டி இடப்பக்கம் இருக்கும், அதாவது உங்கள் பக்கத்தில் இருப்பவர்தான் கை நீட்டிக் கட்ட வேண்டும். அவரிடம் கார்டைக் கொடுத்துவையுங்கள். தனியாகப் போகிறவர்கள் இறங்கி ஓடுவதையும் பார்த்திருக்கிறேன்.

6. திரும்பும்போது

பிரான்ஸ் பக்கத்து நிலையத்துக்கு ஏ16-இல் 42-வது வெளிவழி. இரு நாட்டுச் சோதனையும் அங்கேயே முடியும். பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் வாங்கிய மளிகையில் நெய், பன்னீர் இருந்தால் வழியிலேயே யாருக்காவது கொடுத்துவிடுங்கள். 2025 ஏப்ரலிலிருந்து அந்தப் பக்கத்துப் பாலும் இறைச்சியும் பிரிட்டனுக்குள் வரக்கூடாது. மாமா ஆசையாக வாங்கிய சீஸை வண்டி நிறுத்துமிடத்திலேயே ரொட்டியோடு தின்று தீர்த்தோம்.