கருப்பை உட்படலப் புற்றுநோயின் போக்கை மரபணு வெளிப்பாட்டைக் கொண்டு கணிக்கும் முறை

கருப்பை உட்படலப் புற்றுநோய் யாருக்கு மீண்டும் வரும் என்பதைக் கட்டியின் மரபணு வெளிப்பாட்டிலிருந்து (எந்த மரபணு எவ்வளவு செயல்படுகிறது என்பதிலிருந்து) கணிக்க விரும்புவோர், 500-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் ஆர்.என்.ஏ. தரவைக் கட்டணமின்றித் தரும் டி.சி.ஜி.ஏ. என்ற அமெரிக்கப் புற்றுநோய் மரபணுத் திட்டத்தின் தொகுப்பிலிருந்து தொடங்கலாம்.

முதலில் திசு மாதிரியின் குறியீட்டைப் பிரித்துப் பாருங்கள். அதன் முதல் 12 எழுத்துகள் நோயாளியைக் குறிக்கும். அடுத்து வரும் 01 முதன்மைக் கட்டியையும், 11 இயல்பான திசுவையும் குறிக்கும். இயல்பான திசுவை நீக்கி, ஒருவருக்கு ஒரு மாதிரி மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இறந்தவருக்கு இறப்பு நாளையும், உயிருடன் இருப்பவருக்குக் கடைசியாகப் பார்த்த நாளையும் கால அளவாக எடுக்க வேண்டும். இறப்பு நாள் இல்லை என்று பின்னவரை நீக்கிவிட்டால் கணிப்பு முழுவதும் கோணிவிடும். முதிய வயதில் பிற காரணங்களாலும் இறப்பு நேர்வதால், நோய் முற்றும் வரையான காலத்தைக் கணிப்பதே மேல் என்பது என் கருத்து.

ஒவ்வொரு மரபணுவுக்கும் உரிய ஆர்.என்.ஏ. எண்ணிக்கைகளைச் சீராக்கி, மடக்கை எடுத்து, மிகக் குறைவாக வெளிப்படும் மரபணுக்களை விலக்குங்கள். இனிதான் சிக்கல் தொடங்குகிறது. மரபணுக்கள் ஏறத்தாழ 20,000, இறப்புகளோ சொற்பம். எனவே தற்செயலாகப் பொருந்தும் மரபணுக்கள் எப்போதும் கிடைக்கும். பயனற்ற மரபணுக்களின் எடையைச் சுழியாக்கும் லாசோ முறையுடன் கூடிய காக்ஸ் மாதிரி (நிகழ்வு வரையான காலத்தைக் கொண்டு ஆபத்தைக் கணிக்கும் புள்ளியியல் மாதிரி) இதைக் கட்டுப்படுத்தும் என்றாலும், மரபணுத் தேர்வை முழுத் தரவிலும் முடித்துவிட்டுக் குறுக்குச் சரிபார்ப்பைப் (தரவைப் பகுதிகளாக்கி, சுற்றுக்கு ஒரு பகுதியை ஒதுக்கிவைத்துச் சோதிப்பதை) பிறகு செய்தால், விடையைப் பார்த்துவிட்டுத் தேர்வெழுதியதாகவே ஆகும். தேர்வு ஒவ்வொரு சுற்றுக்குள்ளும் புதிதாக நடைபெற வேண்டும். மிகச் சிறிய பி-மதிப்பு (முடிவு தற்செயலானதா என்று மதிப்பிட உதவும் எண்) வரும்வரை, நோயாளிகளை உயர், தாழ் ஆபத்துக் குழுக்களாகப் பிரிக்கும் வெட்டுப்புள்ளியை நகர்த்துவதும் இதே வகைப் பிழைதான்.

தேறிய பட்டியலில் எல்1கேம் என்ற மரபணு இருந்தால் அதன் உயர்வு ஆபத்தையும், ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஏற்பிகளின் உயர்வு நல்ல போக்கையும் காட்ட வேண்டும். குணகத்தின் (மரபணுவுக்கு மாதிரி தரும் எடையின்) குறி தலைகீழாக இருந்தால் முதலில் உங்கள் நிரலைச் சந்தேகியுங்கள்.

யாருக்கு முன்னதாக நோய் முற்றும் என்று மாதிரி எவ்வளவு சரியாக வரிசைப்படுத்துகிறது என்பதைச் சொல்லும் சி-குறியீடு 0.5 என்றால் நாணயம் சுண்டுவதற்குச் சமம். ஆயினும் உண்மையான போட்டி அதனுடன் அன்று. வயது, நோய்நிலை, கட்டியின் தரம், 2013-இல் வகுக்கப்பட்ட நான்கு மூலக்கூறு வகைகள் ஆகியவற்றை மட்டும் கொண்ட கணிப்பு மாதிரியைவிட உங்கள் மரபணுக்கள் கூடுதலாக ஏதேனும் சொல்கின்றனவா என்று பார்க்க வேண்டும். சொன்னால், குணகங்களையும் வெட்டுப்புள்ளியையும் மாற்றாமல், வேறொரு மருத்துவமனையின் பாரஃபின் மெழுகில் பதித்துப் பாதுகாத்த கட்டித் திசுக்களிலிருந்து எடுத்த தரவில் சோதியுங்கள். டி.சி.ஜி.ஏ. மாதிரிகள் உறைநிலையில் பாதுகாக்கப்பட்டவை என்பதால், பெரும்பாலான பட்டியல்கள் இங்கேதான் தடுமாறுகின்றன.