சாம்பல் போட்டுக் கெடுத்த மண்

முதல் முறை தக்காளி வைத்தபோது, "சாம்பல் நல்ல உரம்" என்று கேள்விப்பட்டு வாரம் ஒரு கை அள்ளிப் போட்டேன். இரண்டு மாதத்தில் இளம் இலைகள் மட்டும் வெளுத்து மஞ்சளாகின; நரம்புகள் பச்சைக் கோடுகளாகத் துருத்திக்கொண்டு தெரிந்தன. பசி என்று நினைத்து யூரியா கொடுத்தேன். ஒன்றும் மாறவில்லை.

ஒரு பங்கு மண்ணில் இரண்டு பங்கு காய்ச்சி வடித்த நீரைக் கலக்கி, அரை மணி நேரம் வைத்து, மண் அமிலமா காரமா என்று எண்ணில் காட்டும் பிஎச் தாளை நனைத்தேன். 8-ஐத் தொட்டது. காய்கறிகளுக்கு 6 முதல் 7 வரை போதும். ஒரு புள்ளி கூடினால் காரம் பத்து மடங்கு கூடியதாக அர்த்தம். சாம்பல் ஏற்றிய காரத்தால், மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாமல் பூட்டிக்கிடந்திருக்கிறது.

முதலில் வினிகர் ஊற்றிப் பார்த்தேன். நாலு நாளில் பழைய கதைதான். பிறகு சாம்பலை நிறுத்திவிட்டு, சதுர மீட்டருக்கு 50 கிராம் கந்தகத்தூளை மேல்மண்ணில் கிளறிவிட்டு, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டேன். மண்ணிலுள்ள பாக்டீரியாக்கள்தான் அதை அமிலமாக்க வேண்டும், அவசரப்படுத்த வழியில்லை. ஒரு மாதத்தில் எதுவும் தெரியாமல் இன்னும் கொட்டலாமா என்று கை துறுதுறுத்தது. நல்லவேளை, கொட்டவில்லை.

மூன்றாம் மாதம் தாள் 7-க்குப் பக்கத்தில் நின்றது. மஞ்சளான இலைகள் தேறவில்லை, புதிய துளிர் பச்சையாக வந்தது.